புதிய இதயம் வருமுன் வீடு தயாராக வேண்டும்: இதய மாற்று சிகிச்சைக்குச் செல்வோருக்கான வழிகாட்டி

‘பம்பிங் இருபது சதவீதம்தான் இருக்கிறது, மாற்று இதயத்துக்குப் பதிவு செய்துகொள்வது நல்லது’ என்று மருத்துவர் சொல்லும் நாளில் குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். எவ்வளவு செலவாகும், இதயம் எப்போது கிடைக்கும் என்பவை அவை. இரண்டும் கேட்கவேண்டியவைதாம். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு, தினமும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போவது யார் என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மாற்று இதயம் எத்தனை ஆண்டுகள் துடிக்கும் என்பதில் அந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு.

உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை 1967 டிசம்பர் 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு தலைமையில் நடந்தது. பொருத்திய இதயம் நன்றாகவே துடித்தது. ஆனால் உடல் அதை ஏற்கவேண்டும் என்பதற்காக எதிர்ப்பாற்றலைத் தணித்திருந்த நிலையில், நோயாளி 18-ஆம் நாள் நிமோனியாவால் இறந்தார். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகே இச்சிகிச்சை நிலைபெற்றது. இந்தியாவில் 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பின், அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பி. வேணுகோபால் தலைமையிலான குழு முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தது. இன்று உலக அளவில் மாற்று இதயம் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 12 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கிறார்கள். அறுவைக் கலை 1967-இலேயே கைவந்துவிட்டது. அதன் பின் வந்த ஆண்டுகளைப் பெற்றுத் தந்தவை மருந்துகளும் விடாத கண்காணிப்பும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: காலம் கடக்குமுன் கேட்பது

எக்கோ என்னும் இதய ஸ்கேன் அறிக்கையில் காணும் பம்பிங் சதவீதத்தைப் பார்த்துப் பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். நலமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் வரை வெளியேற்றுவதே இயல்பு. ஆகவே 20 சதவீதம் என்பது நூற்றுக்கு இருபது மதிப்பெண் அன்று. அந்த எண்ணை மட்டும் வைத்து மாற்று இதயம் தேவை என்று எவரும் முடிவு செய்வதுமில்லை. இதயச் செயலிழப்புக்கு இன்று தரப்படும் நான்கு வகை மருந்துகளையும் உடல் தாங்கும் உச்ச அளவில் எடுத்துப் பார்த்தபின் என்ன நிலை என்பதே முக்கியம்.

அப்படி எடுத்தும், ஓர் ஆண்டுக்குள் மூச்சுத்திணறலால் இரண்டு முறையோ அதற்கு மேலோ மருத்துவமனையில் சேரவேண்டி வருகிறதா? இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது என்பதற்காக, முன்பு தாங்கிய மருந்துகளை இப்போது குறைக்க நேர்கிறதா? நீர் பிரியும் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறதா? சிறுநீரகத்தின் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் உயர்கிறதா, துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி தந்து சீராக்க நெஞ்சில் பொருத்திய ஐசிடி கருவி அடிக்கடி அதிர்ச்சி கொடுக்கிறதா, குளித்து உடை மாற்றுவதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறதா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்ற பதில் வந்தாலே, இதய மாற்று செய்யும் மையம் ஒன்றில் கருத்துக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது. கருத்துக் கேட்பதால் அறுவைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது. நோயாளிகள் தங்கள் மருத்துவர் மனம் வருந்துவாரோ என்று தயங்கித் தாமதிப்பதைக் காணும்போது வேதனையாக இருக்கிறது. ஏனென்றால் இந்த நோயில் காலம் கடந்து வருவோருக்குக் கதவு உண்மையிலேயே மூடிவிடக்கூடும். பலவீனமான இதயத்தின் பின்னழுத்தத்தால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் இறுகிப்போனால், புதிய இதயத்தின் வலப்பக்கம் அந்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்ய முடியாமல் அறுவை மேசையிலேயே தளர்ந்துவிடக்கூடும்.

இரண்டாம் படி: மதிப்பீட்டுப் பரிசோதனைகள்

மாற்று மையத்தில் சில நாட்கள் தங்கிப் பல பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டியிருக்கும். அவற்றில் இரண்டைப் பற்றிக் குடும்பத்தார் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, கழுத்திலோ தொடையிலோ உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்தின் வலப்பக்கத்து அழுத்தத்தையும் நுரையீரல் குழாய்களின் தடையையும் அளப்பது. மேலே சொன்ன ஆபத்தை அறிய இதுவே வழி. மற்றொன்று, முகமூடி அணிந்து நடைப்பொறியிலோ சைக்கிளிலோ இயங்கும்போது உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்துகிறது என்று பார்ப்பது. துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு இது கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டருக்கும் கீழே இருந்தால், மாற்று இதயத்தால் பயன் உண்டு என்று பொதுவாகக் கருதுகிறார்கள். இவை போக இரத்த வகை, பிறர் திசுக்களுக்கு எதிரான எதிர்பொருட்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், புற்றுநோய் அறிகுறிகள் என்று பட்டியல் நீளும்.

நம் ஊரில் காசநோயைத் தனியாகத் தேடிப் பார்ப்பார்கள். இளம்வயதில் வந்து ஆறியதாக நினைத்த காசநோய், எதிர்ப்பாற்றல் தணிந்தபின் மீண்டும் தலைதூக்கலாம். எனவே பழைய நோய் வரலாற்றைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். பற்களையும் பார்ப்பார்கள், ஏனெனில் சொத்தைப் பல்லும் சீழ்பிடித்த ஈறும் கிருமிகளின் உறைவிடம். தடுப்பூசிகளையும் இக்காலத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். உயிருள்ள கிருமிகளைக் கொண்டு செய்த தடுப்பூசிகளை மாற்று அறுவைக்குப் பிறகு போட இயலாது.

மனநல ஆலோசகரும் சமூகப்பணியாளரும் பேசவரும்போது சிலர் மனம் புண்படுகிறார்கள். பீடி, சிகரெட், மது, பாக்கு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கேட்பது குற்றம் கண்டுபிடிப்பதற்காக அன்று. அப்பழக்கங்கள் தொடர்ந்தால் இதயம் நிலைக்காது என்பதற்காகத்தான். வீட்டில் யார் உடனிருப்பார், அவருக்கு எழுதப்படிக்கத் தெரியுமா, அவர் நோயுற்றால் அடுத்தவர் யார் என்றும் கேட்பார்கள். இதற்கு இரண்டு பெயர்களையாவது முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள். எல்லாப் பொறுப்பையும் மனைவி ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு மற்றவர்கள் ஆறுதல் மட்டும் சொல்லும் குடும்பங்களில், ஓராண்டுக்குள் அந்தப் பெண்ணே படுத்துவிடுகிறார்.

மூன்றாம் படி: பதிவும் பணமும்

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத் திட்டம் 2008 முதல் நடந்துவருகிறது. டிரான்ஸ்டான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இதை ஒருங்கிணைக்கிறது. தேசிய அளவில் நோட்டோ என்ற அமைப்பு உண்டு. நோயாளி தாமாகச் சென்று பதிவு செய்ய முடியாது. உரிமம் பெற்ற மருத்துவமனைதான் பதிவு செய்யும். இரத்த வகை, உடல் அளவு, நோயின் அவசரம், பதிவான நாள் ஆகியவற்றைப் பொறுத்தே இதயம் ஒதுக்கப்படுகிறது. ஐந்தடி உயரமுள்ள ஒருவரின் சிறிய இதயம் ஆறடி உயரமுள்ளவருக்குப் போதாது என்பதால், பட்டியலில் பின்னால் இருப்பவருக்கு முன்னதாகக் கிடைத்தால் அதில் சூது எதுவும் இல்லை. பணம் கொடுத்தால் முன்னுரிமை வாங்கித் தருகிறேன் என்று எவர் அணுகினாலும் உடனே விலகுங்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அறுவைக்கான தொகையைத் திரட்டுவதோடு கணக்கு முடிவதில்லை. மருந்துகள், இரத்தப் பரிசோதனைகள், பயாப்சிகள் (இதயத்தசைத் துணுக்குப் பரிசோதனைகள்), முதல் சில மாதங்களுக்கு மருத்துவமனைக்கு அருகில் எடுக்கும் வாடகை வீடு ஆகியவற்றையும் சேர்த்து மாதச் செலவாக எழுதிப் பாருங்கள். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகளின் செலவு வாழ்நாள் முழுவதும் தொடரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைகளும் இடம்பெறுகின்றன. உங்கள் அட்டைக்கு எவ்வளவு கிடைக்கும், அறுவைக்குப் பிந்திய மருந்துகளுக்கு உதவி உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தையும் நகையையும் விற்று அறுவையை முடித்துவிட்டு, ஏழாம் மாதத்தில் மாத்திரையை ஒருவேளையாகக் குறைத்துக்கொள்ளும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

நான்காம் படி: காத்திருக்கும் காலம்

இது வாரங்களாகவும் இருக்கலாம், ஆண்டாகவும் நீளலாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே எடைப்பொறியில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையன்று, உடலில் தேங்கும் நீர். அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றை வீட்டுக்கே வாங்காமலிருப்பது, நோயாளியின் தட்டில் மட்டும் உப்பைக் குறைப்பதைவிட எளிது. தண்ணீரின் அளவை மருத்துவர் சொல்வார். மோர், காபி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

கைப்பேசி எப்போதும் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். இரவில் ஒலியை நிறுத்தி வைக்கக்கூடாது. எடுக்கப்பட்ட இதயத்தை ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குள் பொருத்தி இரத்த ஓட்டம் கொடுக்க வேண்டும் என்பதால்தான் சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி ஆம்புலன்ஸுக்குத் தடையில்லா வழி விடுகிறார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் மருத்துவமனைக்கு எவ்வளவு அருகில் தங்க வேண்டும் என்று மாற்று மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண் எது வந்தாலும் அவருக்குத் தெரிவியுங்கள். தொற்று இருக்கும்போது அறுவை செய்ய முடியாது. இதயம் கிடைக்கும் வரை தாங்காது என்ற நிலையில், இடக் கீழறையின் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் எல்விஏடி என்ற பம்பைச் சிலருக்குப் பொருத்துவார்கள். அதன் கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து பேட்டரியோடு இணையும். அந்தத் துளையைச் சுத்தமாக வைத்திருக்க வீட்டார் பயிற்சி பெறவேண்டும்.

காத்திருப்பவரின் மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டிருக்கும். ‘எனக்காக இன்னொருவர் சாகவேண்டுமா?’ என்று இரவில் தனியாக அழுபவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: மூளைச்சாவை மருத்துவர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்து உறுதி செய்கிறது, அதன் பிறகே குடும்பத்தார் சம்மதித்து இதயம் எடுக்கப்படுகிறது. அந்த மரணம் உங்கள் காத்திருப்பால் நிகழ்வதன்று. நீங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் நிகழ்ந்திருக்கும். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தக் குடும்பங்கள் தந்துசெல்வதன் பெருமையை உணர்ந்து அதைக் காப்பதே பெறுபவர் செய்யக்கூடிய நன்றி.

ஐந்தாம் படி: அழைப்பும் அறுவையும்

அழைப்பு வந்த நொடி முதல் ஒன்றும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். மருந்துச் சீட்டுகள், அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை அடங்கிய பையை முன்பே கட்டி வைத்திருங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபின், தானமாக வந்த இதயம் நேரில் பார்க்கையில் தகுதியாக இல்லை என்று உங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும்கூடும். அது மிகக் கசப்பான இரவு. ஆனால் நலமற்ற இதயத்தைப் பொருத்தாமல் விட்ட மருத்துவர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார். அறுவை சில மணி நேரம் நடக்கும்; அதன் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள், பிறகு வார்டில், சிக்கல் இல்லையென்றால் இரண்டு மூன்று வாரங்களில் வீடு.

நாடியைத் தொட்டுப் பார்க்கும் உறவினர் பதறவேண்டாம். புதிய இதயத்துக்கு நம் நரம்புகளின் தொடர்பு அறுபட்டிருப்பதால் ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். நடக்கத் தொடங்கியதும் உடனே வேகம் கூடாது. நின்ற பின்னும் உடனே குறையாது. எனவே எந்தப் பயிற்சியையும் ஐந்து பத்து நிமிட மெதுநடையில் தொடங்கி, மெதுநடையிலேயே முடிக்க வேண்டும். பிளந்து தைத்த மார்பெலும்பு கூடும் வரை, குறைந்தது இரண்டு மாதங்களுக்கு, தண்ணீர்க்குடம் தூக்குவதும் இருசக்கர வாகனம் ஓட்டுவதும் கூடாது.

ஆறாம் படி: மாத்திரை

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. புதிய இதயத்தை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கும். பத்தாண்டு கழித்தும் அப்படித்தான் பார்க்கும். அந்த எதிர்ப்பைத் தணிக்கப் பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் என்ற மூன்று மருந்துகளைத் தருகிறார்கள். டாக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் குறைந்தால் உடல் இதயத்தை நிராகரிக்கும். கூடினால் கை நடுங்கும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், சிறுநீரகம் கெடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒற்றையடிப்பாதையில் நடத்திச் செல்லவேண்டியிருப்பதால், இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள்.

12 மணி நேர இடைவெளியைக் கடைப்பிடியுங்கள். வெறும் வயிற்றிலா, உணவோடா என்பதை மருத்துவர் சொன்னபடி தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை வீட்டில் விழுங்காமல் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும்; விழுங்கிவிட்டுப் போய் அளவு அதிகமாகக் காட்டி, அதைப் பார்த்து மருந்தைக் குறைத்து, அதனால் நிராகரிப்பு வருவது எளிதில் தவிர்க்கக்கூடிய துன்பம். வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக விழுங்காமல் மையத்தை அழையுங்கள். மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாலும் அப்படியே. மருந்துக்கடையில் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் கொடுத்தால், மருத்துவருக்குத் தெரியாமல் மாற்றிக்கொள்ளாதீர்கள். எப்போதும் இரண்டு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் சூழ்ந்த நாட்களை நினைத்துக்கொண்டால் இதன் தேவை புரியும். சஷ்டியோ நோன்போ, விரதமிருக்க விரும்பினால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை நேரம் மாறலாகாது.

பிற மருந்துகளோடு மோதல் வருவது மற்றோர் ஆபத்து. கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல், டில்டியாசெம் போன்றவை டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன் ஆகியவை இறக்கிவிடும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், சிறுநீரகத்தின் மீது இரட்டைச் சுமை. கசாயம், லேகியம், எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கும் பொடிகள் எதையும் கேட்காமல் தொடாதீர்கள். கூட்டக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு மருந்தும் எடுக்கிறோம். பம்ப்ளிமாஸ் பழமும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றக்கூடும் என்பதால் அவையும் வேண்டாம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் மைகோஃபெனோலேட் கருவுக்குக் கேடு செய்யும் என்பதை அறிந்து, கருத்தரிக்கத் திட்டமிடுமுன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஏழாம் படி: நிராகரிப்பையும் தொற்றையும் முன்கூட்டியே பிடிப்பது

நிராகரிப்பு பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் தொடங்கும். அதனால்தான் நலமாக இருக்கும்போதே கழுத்து இரத்தக் குழாய் வழியாகச் சென்று இதயத்தசையில் மிகச் சிறு துணுக்கை எடுத்துப் பயாப்சி செய்கிறார்கள். தொடக்கத்தில் வாரந்தோறும், பிறகு இடைவெளி விட்டு. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அதைத் தவிர்ப்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மூச்சு வாங்குதல், எடை ஏறுதல், கால் வீக்கம், விவரிக்க முடியாத களைப்பு, துடிப்பு ஒழுங்கு தவறுதல் ஆகியவை தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் அழைக்க வேண்டும்.

காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரநிலை. பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்ற வழக்கம் இனி இந்த வீட்டில் இல்லை. முதல் ஆண்டு, அதிலும் முதல் சில மாதங்கள் கவனம் மிகத் தேவை. காய்ச்சி ஆறிய நீர், அப்போது சமைத்த உணவு, வீட்டில் கழுவித் தோல்சீவிய பழம் போதும். ஆஃப்பாயில், காய்ச்சாத பால், தள்ளுவண்டிக் கரும்புச்சாறு, நறுக்கி வைத்த பழங்கள், ஹோட்டல் சட்னி வேண்டாம். வீட்டில் சிமெண்ட் வேலையோ வெள்ளையடிப்போ நடந்தால் நோயாளி வேறிடத்தில் தங்கட்டும். தூசியிலுள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். மாடியில் புறாக்கள் எச்சமிட்டிருந்தால் பிறர் அகற்றட்டும். கொசுவலை கட்டாயம். பார்க்க வரும் உறவினரிடம், சளி இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லத் தயங்கவேண்டாம். முகம் சுளித்தால் பின்னர் சமாதானம் செய்துகொள்ளலாம்.

ஓராண்டுக்குப் பின்

பெரும்பாலோர் சில மாதங்களில் வேலைக்குத் திரும்புகிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள். இப்போது வேறொரு பகைவன் மெதுவாக வருகிறான். மாற்று இதயத்தின் இரத்தக் குழாய்கள் நெடுகிலும் தடித்துக் குறுகும் நோய் அது. நரம்புத் தொடர்பு இல்லாததால் அடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி பெரும்பாலும் தெரியாது. ஆகவே மருத்துவர் சொல்லும் ஆண்டுப் பரிசோதனையையும் ஆஞ்சியோவையும் தவறவிடக் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் இதைத் தள்ளிப்போடவே. ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால் தோல் புற்றுநோயின் வாய்ப்பும் கூடும். உச்சிவெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், புதிய மச்சமோ ஆறாத புண்ணோ தென்பட்டால் காட்ட வேண்டும்.

கடைசியாக ஓர் அட்டை. நோயாளியின் சட்டைப்பையிலும் பராமரிப்பவரின் பையிலும் எப்போதும் இருக்குமாறு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மழையில் நனையாமல் லேமினேட் செய்யுங்கள். ‘இவருக்கு இதய மாற்று அறுவை நடந்துள்ளது; எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் எடுக்கிறார்; நாடி குறைந்தால் அட்ரோபின் வேலை செய்யாது; எந்த மருந்து தருமுன்பும் மாற்று மையத்தை அழைக்கவும்’ என்று எழுதி, அதன் கீழே மையத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண், இரத்த வகை, மருந்துகளின் பெயரும் அளவும், அறுவை நடந்த நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். மருந்தின் அளவு மாறும்போதெல்லாம் பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.